உருகியவள்

ஃபாண்டூ விருந்துக்குப் போகிறவர் மேசையில் காண்பது மிகக் குறைவு. நடுவில் ஒரு சிற்றடுப்பு, அதன்மேல் கனத்த சட்டி, சட்டிக்குள் வெளிர்மஞ்சளாகக் குமிழியிடும் சீஸ், ஆளுக்கொரு நீண்ட முள்கரண்டி, கூடை நிறையத் துண்டு போட்ட ரொட்டி. அவ்வளவுதான். இலை நிறையக் கூட்டும் பொரியலும் பார்த்துப் பழகியவருக்கு, சமையல் இன்னும் முடியவில்லையோ என்று தோன்றும். முடியவில்லைதான். ரொட்டியைக் கரண்டியில் குத்தி, சட்டிக்குள் விட்டு, சுழற்றி எடுக்கும் விருந்தாளியின் கையில்தான் அது முடிகிறது. சுவிட்சர்லாந்தில் குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட இதைவிட வசதியான சாப்பாடு கிடையாது.

சாப்பாடு எளியது. அதன் பெயர் அப்படியல்ல. முந்நூறு வருடங்களுக்குள் அது முட்டைக்குப் பெயராக இருந்திருக்கிறது, சீஸுக்குப் பெயராக இருந்திருக்கிறது, கொதிக்கும் எண்ணெய்க்கும் கொதிக்கும் சாற்றுக்கும் சாக்லேட்டுக்கும் பெயராக இருந்திருக்கிறது. சொல் ஒன்றுதான், அது சுட்டும் பொருள் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

சொல்லின் பிறப்பில் மர்மம் ஏதுமில்லை. பிரெஞ்சில் 'ஃபோந்த்ர்' என்றால் உருகு. உருக்கு என்றாலும் அதுவேதான். தன்வினைக்கும் பிறவினைக்கும் நாம் செய்யும் வேறுபாட்டை அந்தச் சொல் செய்வதில்லை. அந்த வினையின் முற்றுப்பெற்ற எச்ச வடிவம் 'ஃபோந்த்யூ'. அதைப் பெண்பாலில் எழுதிப் பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் நம்முடைய உணவு வந்துவிடுகிறது. இலக்கணத்தைப் பிடிவாதமாகப் பின்பற்றி மொழிபெயர்த்தால் 'உருகியவள்' என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் உச்சரிப்பில் வேறுபாடு இல்லை. எழுத்தில் கடைசியாக ஒலிக்காத ஓர் எழுத்து கூடுகிறது, அதுதான் வேறுபாடு. ஆண்பால் வடிவம் வேறு தொழில்களுக்குப் போனது. பாலே நடனத்தில் ஊன்றிய காலின் முழங்கால் மெல்ல மடியும் ஓர் அசைவுக்கு அது பெயர். பிரெஞ்சுத் திரைப்படக்காரர்கள் ஒரு காட்சி கரைந்து மறைவதை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். பெண்பால் மட்டும் சமையற்கட்டுக்கு வந்தது. ஜெர்மன் பேசும் சுவிஸ்காரர்கள் சொல்லைக் கடன் வாங்கியதும் அதன் பெண்மையை நீக்கி ஒன்றன்பாலாக்கிவிட்டார்கள். ஆங்கிலம் வாங்கியபோது மூக்கொலியும் போய், ஈற்றில் உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலியும் போய், 'ஃபாண்டூ' ஆயிற்று. தமிழுக்கு ஆங்கிலத்தின் வழியே வந்ததால் நமக்கும் அதுவே.

பிரெஞ்சுக்கு முன்னால் லத்தீன். அங்கே 'ஃபுந்தெரே' என்பதன் முதற்பொருள் உருகுதல் அல்ல, ஊற்றுதல். ஊற்றுதல் எப்படி உருகுதல் ஆனது? உலோகத் தொழிலாளிகளின் வாயில்தான் ஆகியிருக்க வேண்டும். வெண்கலத்தை ஊற்ற வேண்டுமென்றால் முதலில் அது உருகியாக வேண்டும். பட்டறையில் இரண்டும் ஒரே வேலையின் இரண்டு நொடிகள். தமிழில் 'வார்' என்ற வினையை நினைத்துக்கொண்டால் இது உடனே புரியும். தோசை வார்க்கிறோம், எண்ணெய் வார்க்கிறோம், கோயில் மணியை வார்க்கிறோம், சுவாமிமலை ஸ்தபதி ஐம்பொன்னில் சிலை வார்க்கிறார். தமிழ் இந்தச் சொல்லை ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, உருக்குவதற்கு வேறு சொல்லை வைத்துக்கொண்டது. லத்தீனின் வாரிசுகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வார்ப்பிரும்புக்குப் பிரெஞ்சில் பெயர் 'ஃபோந்த்'. இன்று ஃபாண்டூச் சட்டிகளில் பல வார்ப்பிரும்பால் செய்யப்பட்டவை. ஆக உருகியவள் உட்கார்ந்திருப்பது தன் உடன்பிறந்தாளின் மடியில்.

அதே வார்ப்புச் சொல் அச்சுக்கூடத்துக்கும் போனது. ஒரே சமயத்தில் வார்த்தெடுத்த அச்செழுத்துகளின் தொகுதிக்கு ஏற்பட்ட பெயர்தான் 'ஃபாண்ட்'. கணினித் திரையில் எழுத்துரு மாற்றும் போதெல்லாம் நாம் உச்சரிக்கிற சொல். தமிழ் எழுத்துகள் முதன்முதலில் இந்த முறையில் உலோகத்தில் வார்க்கப்பட்டது 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும். 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல் 1578இல் அவற்றைக் கொண்டு கொல்லத்தில் அச்சானது. உருக்கிய உலோகத்தைத் தமிழ் எழுத்தின் வடிவில் ஊற்றிய அந்தத் தொழிலும், உருக்கிய சீஸும் ஒரே வினைச்சொல்லின் இரு பிள்ளைகள்.

இன்னும் நெருக்கமான உறவினர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். மின்சாரம் போனால் 'பீஸ் போயிடுச்சு' என்கிறோம். மின்னோட்டம் அளவு மீறினால் உருகி அறுந்துவிடும் கம்பி அது. அந்த 'ஃபியூஸ்' என்ற சொல், 'ஃபுந்தெரே'யின் பழைய லத்தீன் எச்ச வடிவமான 'ஃபூசுஸ்' என்பதிலிருந்து வந்தது. அதாவது பீஸ் கட்டையும் ஃபாண்டூவும் இலக்கணப்படி ஒரே சொல்: ஒன்று லத்தீன் செய்த 'உருகியது', மற்றது பிரெஞ்சு புதிதாகச் செய்துகொண்ட 'உருகியது'. ஆனால் வெடிக்குப் பற்றவைக்கும் திரியை ஆங்கிலத்தில் ஃபியூஸ் என்கிறார்களே, அது வேறு; நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் கிடைக்கும் 'ரீஃபண்ட்', திரும்ப ஊற்றுதல் என்ற பொருளில் இதே குடும்பம். 'ஃபண்ட்' மட்டும் இந்தக் குடும்பமல்ல. அது அடித்தளம் என்ற பொருளுடைய வேறொரு வேரிலிருந்து கிளைத்தது. ஒலியை நம்பி உறவு கொண்டாடினால் சொல்லாராய்ச்சி சோதிடமாகிவிடும்.

அந்த எச்சரிக்கைக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு புனல். மண்ணெண்ணெய் ஊற்ற வைத்திருக்கும் அந்தக் கூம்பைப் புனல் என்று சொல்லி, நீரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் இன்னும் வழக்கில் இருக்கிறதே என்று மகிழ்பவர்கள் உண்டு. நீரைக் குறிக்கும் புனல் வேறு. இந்தப் புனல், ஆங்கிலத்தின் 'ஃபனல்' தமிழ் வேடம் போட்டுக்கொண்டது. அந்த ஆங்கிலச் சொல் தென்பிரெஞ்சு வழியே லத்தீனின் ஊற்றும் கருவிக்கான சொல்லிலிருந்து வந்தது. அங்கேயும் வேர் 'ஃபுந்தெரே'தான். இதற்கு வைத்தூற்றி என்றொரு அருமையான சொல் நம்மிடம் இருந்தும், கூம்பின் பெயரைக் கடனாக வாங்கி அதைத் தமிழ்ப் புனலோடு கலந்துவிட்டோம்.

லத்தீனுக்கும் அப்பால் போனால் ஊற்றுதலைக் குறிக்கும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் தெரிகிறது. ஜெர்மனில் ஊற்றுவதற்கான 'கீஸன்' அதிலிருந்து வந்தது. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுக்கான 'கெய்சர்', நம் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கீசராக ஆனதும் அதன் வழியேதான். சமஸ்கிருதத்தில் அதே வேர் தீயில் நெய்யை ஊற்றுவதைக் குறித்தது. ஹோமம், ஹவிஸ், ஆஹுதி மூன்றும் அதன் பிள்ளைகள். அவை தமிழுக்கு ஓமம், அவி, ஆகுதி என்று வந்து வெகு காலமாயிற்று. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் 'அவி'யைச் சொல்லும் இடத்தில் அதோடு சேர்த்திருக்கும் வினையும் சொரிதல்தான்; சொல்லின் ஆதிப்பொருள் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, பொருத்தம் கச்சிதம். நெய்யுருக்கித் தீயில் சொரிவது ஒரு கிளை. சீஸை உருக்கித் தீயின்மேல் வைத்துக்கொண்டு உண்பது இன்னொரு கிளை. இதைக் கேட்டுவிட்டு வேதகாலத்திலேயே ஃபாண்டூ இருந்தது என்று யாராவது கிளம்பாமல் இருக்க வேண்டும்.

இனி உணவுக்கு வருவோம். பெயரும் பொருளும் ஒன்றாகப் பிறக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

இன்று நாம் அறிந்த ஃபாண்டூவுக்கு நெருக்கமான மிகப் பழைய குறிப்பு, 1699இல் சூரிக் நகரில் வெளியான ஒரு சமையல் நூலில் இருக்கிறது. சீஸைத் துருவியோ நறுக்கியோ வைனில் போட்டு உருக்கி, ரொட்டியைத் தோய்த்து உண்ணச் சொல்கிறது. பண்டம் அதுவேதான். ஆனால் அங்கே ஃபாண்டூ என்ற பெயர் இல்லை. 'சீஸை வைனில் வேகவைப்பது' என்ற பொருளில் நேரான ஜெர்மன் தலைப்பு மட்டுமே உண்டு. சூரிக்காரருக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை.

பெயர் வேறோர் இடத்தில் வேறொரு பண்டத்துக்கு வைக்கப்பட்டது. பிரெஞ்சுச் சமையல் நிபுணர் வன்சான் லா ஷப்பேல் 1735இல் வெளியிட்ட நூலில் சீஸ் ஃபாண்டூ என்ற பெயர் வருகிறது. குறிப்பைப் படித்தால் அதில் முட்டை! சீஸோடு கிளறிய முட்டைக்கும் உப்பிய சூஃப்லேவுக்கும் நடுவிலான ஒன்று, கூடவே ட்ரஃபிள் காளான். அடுத்த நூற்றைம்பது வருடங்களுக்கு ஃபாண்டூ என்றால் பெரும்பாலும் முட்டைப் பண்டம்தான்.

அந்தக் கால ஃபாண்டூவுக்கு வக்கீல் பிரியா-சவரான். பிரான்சின் பெல்லே ஊர்க்காரர், அங்கே மேயராக இருந்தவர், புரட்சியின்போது உயிர் தப்ப ஓடி அமெரிக்காவில் சில காலம் கழித்துத் திரும்பி நீதிபதியானவர். சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய 'சுவையின் உடலியல்' 1825இல் வந்தது. அதில் ஃபாண்டூவுக்குச் செய்முறை கொடுக்கிறார். விருந்தினர் எண்ணிக்கைக்கு ஏற்ப முட்டைகளை எடுத்து நிறுக்க வேண்டும். அந்த எடையில் மூன்றிலொரு பங்கு குருயேர் சீஸ், ஆறிலொரு பங்கு வெண்ணெய். முட்டையை அடித்துக்கொண்டு, வெண்ணெயும் துருவிய சீஸும் சேர்த்து, நல்ல தீயில் வைத்து இறுகும் வரை கிளற வேண்டும். உப்பு சீஸின் வயதைப் பார்த்து, மிளகு தாராளமாக. வைன் சட்டிக்குள் போகவில்லை, குடிக்கும் குவளைக்குத்தான் போனது. இதை சுவிட்சர்லாந்தில் பிறந்த பண்டம் என்றும், மூதோன் ஊர் அதிகாரி ஒருவரின் காகிதங்களிலிருந்து செய்முறையை எடுத்ததாகவும் சொல்கிறார். அமெரிக்காவில் இருந்தபோது பாஸ்டனில் உணவகம் நடத்திய ஒரு பிரெஞ்சுக்காரருக்குச் சீஸ் போட்டு முட்டை கிளறக் கற்றுக்கொடுத்தார். அது ஊரில் பெரும் பரபரப்பானதால் உணவகக்காரர் நன்றியாக ஒரு மானின் பின்தொடையை நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தாராம். சமையல் குறிப்புக்கு இப்படிச் சன்மானம் கொடுக்கும் வழக்கம் நின்றுபோனது வருத்தம்தான்.

அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் இன்னும் சுவையானது. பெல்லேவுக்குப் புதிதாக வந்த ஆயர் மாதோவுக்கு ஊர்க்காரர்கள் விருந்து வைக்கிறார்கள். பக்கப் பண்டங்களில் ஃபாண்டூவும் வருகிறது. ஆயர் அதைப் பார்த்து, பாயசம் மாதிரி ஏதோ என்று எண்ணியிருக்க வேண்டும், ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறார். அனாதி காலம் தொட்டு முள்கரண்டியால் உண்ணப்படும் பண்டம்! விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆயர் பெரியவர் என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டு யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. ஸ்பூனாலும் உண்ணக்கூடிய அளவுக்கு அந்தக் கால ஃபாண்டூ தட்டில் வைத்துத் தனித்தனியாக உண்ட பண்டம் என்பதைத்தான் இந்தக் கதை நமக்குக் காட்டுகிறது. நடுவில் பொதுச்சட்டி இல்லை, தோய்க்கும் ரொட்டியும் இல்லை. வெறும் 'உருகியது'.

பிரெஞ்சுச் சமையற்கட்டில் அந்தப் பொதுப்பொருள் இன்றும் சாகவில்லை. லீக் தண்டை வெண்ணெயில் குழைய வதக்கினால் அது லீக் ஃபாண்டூ. தக்காளியைக் கரையும் வரை வதக்கினால் தக்காளி ஃபாண்டூ. நம் ஊர்த் தக்காளித் தொக்கை ஒரு பிரெஞ்சுச் சமையல்காரர் அப்படிக் கூப்பிட்டால் இலக்கணப்படி ஒரு தவறும் இல்லை. சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் பாதி வட்டச் சீஸைத் தீமுன் காட்டி, உருகிய பரப்பை வழித்து உருளைக்கிழங்கின்மேல் போடுவார்கள். அதையும் ஒரு காலத்தில் 'வாலே ஃபாண்டூ' என்றார்கள். பின்னால் வழித்தல் என்ற வினையிலிருந்து 'ரக்லெட்' என்று தனிப்பெயர் வாங்கிக்கொண்டு அது பிரிந்துபோனது. இப்படி ஒவ்வொன்றாக விலகிய பிறகுதான் பெயர் ஒரு பண்டத்தின் மடியில் விழுந்தது.

முட்டை இல்லாமல், சீஸும் வைனும் மட்டும் சேர்ந்த பண்டத்துக்கு ஃபாண்டூ என்ற பெயரோடு கிடைக்கும் முதல் செய்முறை 1875இல் வெளியானது. பெயரும் 1699இன் பண்டமும் சந்திக்க ஏறக்குறைய நூற்றெண்பது வருடமாகியிருக்கிறது. சந்தித்த கையோடு, அந்தக் குறிப்பிலேயே அது சுவிட்சர்லாந்தின் தேசிய உணவு என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

பட்டத்தோடு ஒரு கதையும் வந்தது. ஆல்ப்ஸ் மலைமேல் பனியில் மாட்டிக்கொண்ட இடையர்கள் காய்ந்த ரொட்டியும் இறுகிய சீஸும் மட்டும் கையிலிருக்க, இரண்டையும் தின்னும்படி ஆக்கக் கண்டுபிடித்தது என்பது அந்தக் கதை. எல்லா உணவகப் பட்டியலின் பின்பக்கத்திலும் இருக்கும். நம்புவது கடினம். குருயேர் மாதிரியான கொழுப்புமிக்க முழுச் சீஸ் அந்தக் காலத்தில் ஏற்றுமதிச் சரக்கு, விலை உயர்ந்தது. அதைச் செய்த மலைக்குடியானவன் தானே ஒரு சட்டி நிறைய உருக்கித் தின்னும் நிலையில் இல்லை. ஃபாண்டூ உண்டவர்கள் மேற்கு சுவிட்சர்லாந்தின் தாழ்நிலத்துப் பிரெஞ்சு பேசும் நகரவாசிகள். ஏழையின் கண்டுபிடிப்பு என்று சொல்லிப் பணக்காரர் உண்ணும் பண்டங்களின் பட்டியல் எல்லா நாட்டிலும் நீளம்.

நாடு முழுவதும் அதை உண்ணவைத்தது மலையல்ல, ஓர் அலுவலகம். முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் சுவிஸ் சீஸ் சங்கம் என்ற அமைப்பு ஏற்பட்டது. பாலுக்கு விலை, சீஸுக்கு விலை, எந்தச் சீஸை எவ்வளவு செய்யலாம், யார் ஏற்றுமதி செய்யலாம் என்பதெல்லாம் அதன் கையில். எமென்டால், குருயேர், ஸ்ப்ரின்ஸ் ஆகியவைதான் அதன் செல்லப்பிள்ளைகள். கைவசம் சீஸ் குவிந்தால் என்ன செய்வது? நாட்டு மக்களையே தின்னவைக்க வேண்டும். ஒரே வேளையில் ஒரு ஆளை இருநூறு கிராம் சீஸ் தின்னவைக்கும் பண்டம் ஃபாண்டூவைத் தவிர வேறென்ன இருக்கிறது? 1930களில் சங்கம் அதை தேசிய உணவாக விளம்பரப்படுத்தத் தொடங்கியது. ஹிட்லரின் ஜெர்மனி எல்லையில் நின்ற காலம் அது. 'நாட்டின் ஆன்மப் பாதுகாப்பு' என்ற பெயரில் சுவிஸ் அடையாளம் எதுவானாலும் தூக்கிப் பிடிக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஒரு ஃபாண்டூ என்று சங்கமே பல செய்முறைகளை எழுதி, பரம்பரை முத்திரை குத்தி வெளியிட்டது. போர் முடிந்து ரேஷன் நீங்கியதும் ராணுவப் படைப்பிரிவுகளுக்கும் விழா நடத்துபவர்களுக்கும் ஃபாண்டூச் சட்டியும் கரண்டிகளும் அனுப்பிவைத்தது. கட்டாய ராணுவ சேவை உள்ள நாடு. பாசறையில் தோய்த்துப் பழகியவன் வீட்டுக்கு வந்தும் தோய்த்தான்.

விளம்பர வாசகங்கள் தனிக்கதை. ஃபாண்டூ நல்ல மனநிலையைக் கொடுக்கும் என்பது பிரெஞ்சு விளம்பரம். அதையே 1981இல் சுவிஸ் ஜெர்மனில் சொல்லி, அந்த வாக்கியத்தின் முதலெழுத்துகளைக் கோத்து 'ஃபிகுகெகல்' என்று ஒரு சொல்லாக்கினார்கள். பொருளே இல்லாத இந்தச் சொல் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. 1999இல் சங்கம் கலைக்கப்பட்டது. அதன் வாசகம் இன்னும் வழக்கில் இருக்கிறது. பழமொழி எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்தச் சொல்லைக் கவனிக்கலாம்.

கடல் கடந்ததும் சொல்லுக்கு மறுபடி கால் முளைத்தது. 1939-40இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியின் சுவிஸ் அரங்கு அமெரிக்கர்களுக்கு ஃபாண்டூவைக் காட்டியது. அதே நகரில் 'ஷாலே ஸ்வீஸ்' என்ற உணவகம் நடத்திய கொன்ராட் எக்லி, 1956இல் பர்கண்டி ஃபாண்டூவைப் பட்டியலில் சேர்த்தார். சட்டியில் கொதிக்கும் எண்ணெய். ஆளாளுக்குத் தங்கள் இறைச்சித் துண்டைக் கரண்டியில் குத்திப் பொரித்துக்கொள்ள வேண்டும். இதில் உருகுவது எது? எதுவுமே இல்லை. ஆனாலும் பெயர் ஃபாண்டூ. 1960களின் நடுவில் அதே எக்லி டோப்லரோன் சாக்லேட்டை உருக்கிப் பழத்துண்டுகளைத் தோய்க்கக் கொடுத்தார். சாக்லேட் ஃபாண்டூ பிறந்தது. இங்கே உருகல் திரும்பி வந்தது, சீஸ் போனது. மெல்லிய இறைச்சித் தாள்களைக் கொதிக்கும் சாற்றில் வேகவைக்கும் சீனப் பழக்கத்தை சுவிஸ்காரர்கள் சீன ஃபாண்டூ என்று அழைத்துத் தங்கள் கிறிஸ்துமஸ் விருந்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். அதிலும் எதுவும் உருகவில்லை.

தூய்மைவாதி இந்த இடத்தில் கோபப்படலாம். நான் படவில்லை. சொல்லின் பொருள் சட்டிக்குள்ளிருந்து சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். முன்பு அது ஒரு பொருளின் நிலைக்குப் பெயர். இப்போது உட்காரும் முறைக்குப் பெயர். பொதுச்சட்டி, தனிக்கரண்டி, தோய்த்து எடுத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் ஃபாண்டூ. முட்டைக் கிளறலைக் கொண்டுபோய் இன்று ஒரு சுவிஸ்காரரிடம் ஃபாண்டூ என்று நீட்டினால் ஏற்கமாட்டார். பிரியா-சவரானே வந்து வாதாடினாலும் தோற்பார்.

பொதுச்சட்டிக்கு சுவிஸ் மனத்தில் ஏற்கெனவே இடம் இருந்தது என்பதும் பெயர் வேர்விட உதவியிருக்கும். 1529இல் கத்தோலிக்கப் படையும் சூரிக்கின் சீர்திருத்தப் படையும் கப்பலில் (ஊரின் பெயர் அது) எதிரெதிரே நின்றபோது, தலைவர்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்க, வீரர்கள் எல்லைக்கோட்டில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து, ஒரு தரப்பின் பாலிலும் மறு தரப்பின் ரொட்டியிலும் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். ஆல்பெர்ட் ஆங்கர் 1869இல் அந்தக் காட்சியை ஓவியமாகத் தீட்டினார். சீஸ் சங்கத்தின் விளம்பரக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நமக்கு இங்கே ஒரு சங்கடம் வரும்: எச்சில். வாயில் வைத்த கரண்டியைப் பொதுச்சட்டியில் மறுபடி விடுவதா? சுவிஸ் மரியாதை இதை மறக்கவில்லை. கரண்டி முனையிலிருக்கும் ரொட்டியைப் பல்லால் பற்றி இழுக்க வேண்டும். உதடும் நாக்கும் கரண்டியில் படக்கூடாது. எண்ணெய் ஃபாண்டூவில் கரண்டி சுடும் என்பதால் தட்டில் இறக்கி வேறு கரண்டியால் உண்பார்கள். ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவருக்குத் தண்டனை உண்டு: பாத்திரம் தேய்ப்பது, அடுத்த புட்டிக்குப் பணம் கொடுப்பது, பக்கத்திலிருப்பவரை முத்தமிடுவது. 1970இல் வந்த ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையின் சுவிஸ் பாகத்தில் இந்தத் தண்டனைகள் தடியடி, சாட்டையடி என ஏறி, மூன்றாம் முறை தவறவிட்டவனைக் காலில் பாரம் கட்டி ஏரியில் போடுவது வரை போகும்.

மேசையிலிருக்கும் மற்றவற்றுக்கும் வரலாறு உண்டு. சட்டிக்குப் பெயர் 'கக்லோன்'. ஜெர்மனில் மண்சட்டியையும் அடுப்போட்டையும் குறிக்கும் 'காஹெல்' பிரெஞ்சு விகுதி போட்டுக்கொண்டது. சிற்றடுப்புக்கு 'ரெஷோ', மறுபடி சூடாக்குவது. கூடக் குடிக்கும் வாலே பகுதி வெள்ளை வைனுக்கு 'ஃபாந்தான்'. அதன் வேர் உருகுதல் அல்ல, பிளத்தல். அழுத்தினால் தெறிக்காமல் தோல் பிளக்கும் திராட்சை என்பதால் வந்த பெயர். எல்லாம் தீர்ந்த பிறகு சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் அடிப்பற்றுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் 'ரெலிஜியூஸ்', கன்னியாஸ்திரி. ஜெர்மன் பேசுவோருக்கு அதுவே பாட்டி. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சுரண்டித் தின்ன அடிதடி நடக்கும் என்பதில் மட்டும் இருதரப்புக்கும் ஒற்றுமை.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அளவு இது. நாலு பேருக்குத் துருவிய சீஸ் 800 கிராம், புளிப்பான வெள்ளை வைன் 300 மில்லிக்குச் சற்று மேலே, மூன்று நான்கு டீஸ்பூன் சோளமாவு, சட்டியில் தேய்க்க ஒரு பூண்டுப் பல், மிளகு, ஜாதிக்காய், விரும்பினால் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம் சின்னக் கிண்ணம். பாதி குருயேர், பாதி ஃப்ரிபூர் வட்டாரத்து வஷ்ரான் சீஸ் சேர்ந்தால் அது 'பாதிக்குப் பாதி'. குருயேரும் எமென்டாலும் என்றால் நொஷாத்தெல் வகை. வஷ்ரானை மட்டும் உருக்கும் ஃப்ரிபூர்க்காரர்கள் வைனுக்குப் பதில் தண்ணீரே ஊற்றுகிறார்கள்; தீயும் மிக மெல்லியது. வைனின் புளிப்புக்கு வேலை உண்டு. சீஸிலிருக்கும் கேசின் புரதத்தைச் சுண்ணாம்புச் சத்து ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிறது. வைனின் டார்டாரிக் அமிலம் அந்தச் சுண்ணாம்பைப் பற்றிக்கொள்வதால் புரதம் கட்டிதட்டாமல் கொழுப்போடு கலந்து நிற்கிறது. மாவு அதைக் கெட்டிப்படுத்துகிறது. சோளமாவு சுவிட்சர்லாந்துக்கு வந்தது 1905இல். ஃபாண்டூ திரிந்துபோகும் பயம் அதற்குப் பிறகுதான் வீட்டுப் பெண்களை விட்டது.

வைன் குடிப்பதா, தேநீர் குடிப்பதா, எது சீஸை வயிற்றில் இறுக விடாது என்று சுவிஸ் வீடுகளில் ஓயாத சண்டை. சூரிக் மருத்துவர்கள் இருபது பேருக்கு ஃபாண்டூ கொடுத்துச் சோதித்து 2010 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள்: வைனோடு உண்டவர்களின் இரைப்பை காலியாக அதிக நேரம் எடுத்தது. தேநீர்க் கட்சி ஜெயித்தது.

இதற்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமா என்று கேட்பவர்கள் வருவார்கள். இலக்கணம் பிசகாத நிகர்ச்சொல் ஒன்று உண்டு: உருக்கு. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே எஃகு உட்கார்ந்துவிட்டது. கொடுமணல் அகழாய்வில் உலைத்தடயம் கிடைத்திருக்கும் அந்தத் தொழிலின் பொருளுக்கு நம்மவர்கள் 'உருக்கப்பட்டது' என்றே பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் அது உக்கு. ஆங்கிலத்தின் 'ஊட்ஸ்' அதிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. பிரெஞ்சுக்காரர் சீஸுக்குக் கொடுத்த பெயரை நாம் எஃகுக்குக் கொடுத்துவிட்டோம், திரும்ப வாங்க முடியாது. 1980களிலிருந்து போருக்குத் தப்பி சுவிட்சர்லாந்து போன ஈழத்தமிழர்களில் பலர் அங்குள்ள உணவகச் சமையற்கட்டுகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஃபாண்டூவை நம் மொழிக்காரர்கள் கிண்டியும் கழுவியும் அறிந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. கடன்சொல்லாகவே இருக்கட்டும். பெயர்ப்பலகைக்காகப் புதிதாக ஒன்றைப் புனைவது வீண்வேலை.

குருயேரும் வஷ்ரானும் நம் ஊரில் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை மிரட்டும். கடையில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டியை எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அதுவும் சுவிஸ் சரக்குதான்: 1911இல் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் சீஸில் சோடியம் சிட்ரேட் சேர்த்து அதை உருவாக்கினார்கள். ஃபாண்டூவில் வைன் செய்யும் அதே சுண்ணாம்பு பிடிக்கும் வேலையை அங்கே உப்பு செய்கிறது. வைனுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போதும். ரொட்டி முந்தைய நாளுடையதாக, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் பொருக்கோடு இருக்கட்டும், அப்போதுதான் கரண்டியில் நிற்கும். பனீரை மட்டும் போடாதீர்கள். அது உருகாது.